ஒரு சீட்டுக்கு இருபது ஆண்டு



வேட்டை என்றதும் குறிஞ்சி நிலமும் வேட்டுவனும் அவன் நாயும் இவ்வவையோர் நினைவில் எழுதல் இயல்பு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் நம் நாட்டில் வேட்டை பெரும்பாலும் பாட்டில்தான் வாழ்கிறது. அது சட்டத்தின் துணையோடு, எண்ணிக் கணக்கிட்டு, இன்றும் நடைபெறும் நிலம் ஒன்றைப் பற்றியது இவ்வுரை. ராக்கி மலைத்தொடர் அந்நிலம், எல்க் அவ்விலங்கு. வளர்ந்த ஆண் ஏறத்தாழ 320 கிலோ எடை உடையது. பெருமான் என்று அழைத்தால் சிலேடை ஆகிவிடும் என்பதால் எல்க் என்ற பெயரே இங்கு இருக்கட்டும்.

அமெரிக்க மாநிலங்களுள் எல்க் மிகுந்தது கொலராடோ. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அது அற்றுப்போகும் நிலைக்கு வந்திருந்தது. வரம்பின்றிச் சுட்டதே காரணம். 1910களிலும் 1920களிலும் வயோமிங்கிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டு மந்தைகளைப் பெருக்கினர். 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியை வனவிலங்குப் பேணலுக்கென்றே ஒதுக்கியது. கொல்பவன் தரும் பணத்தால் காக்கப்படும் உயிர் என்பது நம் செவிக்கு முரணாகத் தோன்றும். முரண்தான், ஆனால் அம்முரணின் மேல்தான் அந்நாட்டின் மந்தைகள் மேய்கின்றன.

மாநிலத்தின் வேறு பல பகுதிகளுக்குக் கடையிலேயே விலைக்கு வாங்கத்தக்க சீட்டு உண்டு. வடமேற்கு மூலையில் 2, 10, 201 என்று எண்ணிட்ட வேட்டைப் பகுதிகளோ அத்தகையன அல்ல. அங்கே சிலருக்கே இடம். ஆண்கள் முதிர்ந்து கொம்பு விரிக்கும்வரை விடப்படுகின்றன. விண்ணப்பித்துக் கிடைக்காதவருக்கு ஆண்டுக்கு ஒரு முன்னுரிமைப் புள்ளி சேரும். பெரும்பாலும் புள்ளி மிகுந்தவருக்கே சீட்டு. ஆண் எல்க்குக்கான அச்சீட்டு இருபது புள்ளிகளைக் கடந்தும் கிட்டாதிருப்பதுண்டு. முப்பது வயதில் விண்ணப்பிக்கத் தொடங்கியவர் ஐம்பதைத் தாண்டி அதைப் பெறுகிறார். பெற்ற அன்றே புள்ளிகள் யாவும் சுழியாகிவிடும். வெறுங்கையோடு திரும்பினாலும் அவை மீளா.

இத்தகைய சீட்டு முதன்முறை கைக்கு வந்த ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வசந்தத்தில் விண்ணப்பம், கோடைத் தொடக்கத்தில் முடிவு, இலையுதிர் காலத்தில் வேட்டை. இடையில் உள்ளவை சில திங்களே. 7,000, 8,000 அடி உயரத்தில் மூச்சு முட்டும்; ஆகவே சுமையேற்றிய முதுகுப் பையுடன் மேடேறிப் பழகுகிறார். புதுக் காலணியை இப்போதே தேய்த்து வசமாக்குகிறார். கோடையில் ஒருமுறையேனும் அப்பகுதிக்குச் சென்று, சூனிப்பர் மரங்களுக்கும் சேஜ் புதர்களுக்கும் இடையே எங்கே நீர் இருக்கிறது, எங்கே தடம் படிந்திருக்கிறது என்று பார்த்து வருகிறார். விடியலிலும் அந்தியிலும் மேட்டில் அமர்ந்து தொலைநோக்கியால் எதிர்ச்சரிவைத் துழாவுதலே அவ்வேட்டையின் பெரும்பகுதி. நடப்பது குறைவு, பார்ப்பது மிகுதி.

காற்றை அவர் கற்றாக வேண்டும். விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழியும். அப்போது மானுக்குக் கீழே இருத்தல் நலம். வெயில் ஏறியதும் அதே காற்று மேல்நோக்கித் திரும்பும். கீழே நின்றவனின் வாடையை நேரே மந்தைக்குக் கொண்டு செல்லும். கண்ணையும் காதையும் ஏமாற்றலாம்; எல்க்கின் மூக்கை ஏமாற்ற வழியில்லை என்பர் பழகியவர். செப்டம்பரில் குழலூதுவது போல் குரலெழுப்பித் தன் இருப்பைத் தானே அறிவிக்கும் ஆண், புணர்ச்சிக் காலம் முடிந்ததும் வாயடைத்து, பெண்களை விட்டுப் பிரிந்து, ஒதுங்கிய இடங்களில் இளைப்பாறும். பிந்திய பருவத்துச் சீட்டு உடையவர் அம்மௌனத்தைத்தான் தேட வேண்டும்.

துப்பாக்கிப் பயிற்சியில் ஒரு நுட்பம் உண்டு. மேசையில் சாய்த்து வைத்துச் சுடுவோர் எல்லாரும் தம்மை ஓரியாகவே எண்ணுவர். வல்வில் ஓரியின் ஓரம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் ஊடுருவிச் சென்றதை வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வியந்தார். எல்க் மந்தையின் முன் நிற்பவருக்கோ அதுவே பேரச்சம். ஒன்றின் உடலைத் துளைத்த குண்டு பின்னால் நிற்கும் மற்றொன்றைப் புண்படுத்துமாயின் அது பிழை, சட்டத்தின் முன் குற்றமும் ஆகலாம். ஆகவே பின்புலம் தெளியும்வரை விரலை அடக்குகிறார். மேட்டில் ஓடி ஏறி, மூச்சு இரைக்க, அமர்ந்தும் மண்டியிட்டும் சுட்டுப் பழகுகிறார். அந்நிலையில் உண்ணும் தட்டளவு வட்டத்துள் ஒவ்வொரு குண்டும் எத்தொலைவுவரை விழுகிறதோ அதுவே அவருடைய எல்லை. அவ்வெல்லையைக் கோடையில், மனம் அமைதியாக இருக்கும்போதே வகுத்துக்கொள்ள வேண்டும். மானைக் கண்டபின் வகுத்தால் அது நீளும்.

சுட்டபின் வருவதே உழைப்பு. தோலும் மயிரும் உடற்சூட்டை விடா. பனி பெய்யும் இரவிலும், காலும் இடுப்பும் சேரும் எலும்போரத்தில் இறைச்சி புளித்துவிடும். உடனே உரித்து, கால்களைப் பிரித்து, துணிப்பைகளில் இட்டு நிழலில் தொங்கவிட வேண்டும். எலும்போடு கூடிய ஒரு பின்தொடையே 30 கிலோவை எட்டும். தனியாளாயின் நான்கைந்து நடை. உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குதல் கொலராடோவில் குற்றம். எனவே வண்டி நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தொலைவுவரை சுடலாம் என்பதையும் முதுகே தீர்மானிக்கிறது. கொம்பைத் தோளில் ஏற்றிப் படம் எடுத்துக்கொள்வோர் இந்நடைகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இனி இறுதி நாள். கதிர் மறைந்தபின் அரைமணி நேரமே சட்டம் சுட இசையும். எதிர்ச்சரிவில் அகன்ற கொம்புடன் ஓர் ஆண் வெளிப்பட்டு நிற்கிறது. தொலைவளப்பான் காட்டும் எண் கோடையில் வகுத்த எல்லைக்கு அப்பாற்பட்டது. காற்று குறுக்கே வீசுகிறது. கிட்டே செல்லப் பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டும், அதற்குள் இருட்டிவிடும். குண்டு குடலில் பட்டால் அம்மான் இரவெல்லாம் நடந்து, எவர் கண்ணிலும் படாது சாகும். சட்டைப்பையில் இருபது ஆண்டு இருக்கிறது. மறுமுறை கிட்டும்போது அவருக்கு எழுபது கடந்திருக்கும். முழங்கால் இசையுமோ என்னவோ. அவ்வரைமணி நேரத்தில் அவருக்கு அருகே அதிகாரியும் இல்லை, தோழரும் இல்லை.

அவர் தோட்டாவை வெளியே எடுத்துப் பையிலிட்டு, தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து, மான் மரங்களுக்குள் நுழையும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு தலைவிளக்கை ஏற்றிக்கொண்டு இறங்குகிறார். அடுத்த வசந்தத்தில் மீண்டும் விண்ணப்பிப்பார். முதற்புள்ளி அன்று சேரும்.