தனியொரு விவசாயியால் வெல்ல முடியாத புழு
(புனேயில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



மராத்தியில் ‘ஔஷத்’ என்கிறார்கள். தமிழில் ‘மருந்து’ என்கிறோம். வயலில் தெளிக்கும் நஞ்சுக்கு இரு மொழிகளும் இட்ட பெயர் இது. மொழிபெயர்க்கும்போதெல்லாம் இச்சொல் என்னை உறுத்துகிறது. 2017இல் யவத்மாள் மாவட்டத்தில் இந்த ‘மருந்தை’ப் பருத்திக்குத் தெளித்த விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களுமாக 20 பேருக்கு மேல் மாண்டனர். அதே பருவத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு மகாராஷ்டிரப் பருத்தியைச் சூறையாடியது.

2002இல் பி.டி. பருத்தி வந்தபோது, காய்ப்புழுத் தொல்லை தீர்ந்தது என்றார்கள். 2006இல் இரண்டு நச்சுப் புரதங்கள் கொண்ட விதை வந்தது. முதல் விதையைக் குஜராத்தில் புழு வென்றுவிட்டதை 2010இல் மான்சாண்டோ நிறுவனமே ஒப்புக்கொண்டது. பின்னர் இரண்டாவது விதையும் தோற்றது.

காரணம் எளிது. எந்த நஞ்சும் எல்லாப் புழுக்களையும் கொல்வதில்லை. தாங்கும் ஆற்றலுள்ள சில எஞ்சி, தமக்குள் இணைந்து பெருகுகின்றன. இதைத் தடுக்கவே வயலைச் சுற்றிப் பி.டி. அல்லாத பருத்தியை நட வேண்டும் என்றது விதி. அங்கே வளரும் சாதாரணப் புழுக்கள் கலந்தால் அந்த ஆற்றல் நீர்த்துப்போகும். ஆனால், புழுவுக்கென நிலம் ஒதுக்குவதன் பயனைச் சிறு விவசாயியிடம் பொறுமையாக எடுத்துரைத்தவர் யார்? நஞ்சு விற்கும் கடைக்காரரே அவருக்கு ஆலோசகராகவும் இருந்தார்.

தீர்வு இல்லாமல் இல்லை. இப்புழு பெரும்பாலும் பருத்தியையே நம்பி வாழ்வது. டிசம்பருக்குள் பயிரை முடித்துச் செடிகளை அகற்றினால் அது பட்டினி கிடக்கும். இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றில் தொடர்ந்து மூன்று இரவுகள் எட்டு அந்துப்பூச்சிகள் வீதம் விழுந்தால் மட்டுமே தெளிக்க வேண்டும். ஒரே வகை நஞ்சைத் திரும்பத் திரும்பத் தெளிக்கலாகாது. ஆயினும் ஒருவர் மட்டும் இவற்றைக் கடைப்பிடித்துப் பயனில்லை. அண்டை வயலில் மார்ச் வரை செடி நின்றால் அவர் உழைப்பு வீண். அந்துப்பூச்சி வரப்பை அறியாது.

அண்டை வயல்காரர் ஏன் செடியை விட்டுவைக்கிறார்? இன்னுமொரு பறிப்புக் கிடைத்தால் வட்டியாவது கட்டலாமே என்றுதான். ஆகவே கட்டுப்படியான விலையும் கடன் நிவாரணமும் பூச்சி மேலாண்மையின் பகுதிகளே.

சோயாவைப் புழுக்கள் அழித்த அனுபவத்திற்குப் பின், 2009இல் மாநில வேளாண் துறை ‘கிராப்சாப்’ திட்டத்தைத் தொடங்கியது. அத்துறையின் ஆணையரகம் இதே புனேயில்தான் இயங்குகிறது. கண்காணிப்பாளர்கள் வயலில் பூச்சிகளை எண்ணி அறிவிக்க, வல்லுநர்களின் ஆலோசனை விவசாயிக்குக் குறுஞ்செய்தியாகச் செல்கிறது. நல்ல ஏற்பாடுதான். எனினும் ஒரு கிராமம் முழுவதையும் ஒரே முடிவுக்குக் கொண்டுவரக் குறுஞ்செய்தியால் ஆகாது. அது அமைப்பின் வேலை, நம் வேலை.

2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து மும்பை வரை நடந்த விவசாயிகள், காய்ப்புழு இழப்புக்கு நிவாரணமும் கோரினர். அக்கோரிக்கை நியாயமானது. அத்துடன் நிற்கலாகாது. பயிரை முடிக்கும் நாளை ஊர்கூடி முடிவு செய்ய வேண்டும். நாக்பூர் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளைக் கிளைக் கூட்டங்களுக்கு அழைக்க வேண்டும். தெளிப்பான் சுமக்கும் தொழிலாளியும் அக்கூட்டத்தில் அமர வேண்டும். முகக்கவசமும் கையுறையும் அவரது உரிமை.

புழு ஒன்றுதிரண்டு வருகிறது. விவசாயி மட்டும் தனித்து நிற்கலாமா, தோழர்களே?