சொந்தக் கூரைக்கு முதல் பங்கு
(கெலாங் பாத்தா வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



வேலை உள்ளவரைதான் லயத்து வீடு. 1998இல் இரண்டாம் பாலம் திறந்த பின், இவ்வட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறியதை நாம் கண்டோம்.

இத்துயர் புதிதன்று. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது குடும்பங்கள் பல வீதிக்கு வந்தன. அதனைக் கண்டு வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பால்மரம் வெட்டியோர் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி, நூறு வெள்ளிப் பங்கு பெற்றனர். அன்று பத்து வெள்ளி என்பது பல நாள் கூலி! அப்பணத்தில் 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது.

இன்று வழி எளிது. ஊழியர் சேமநிதியில் 55 வயதுக்குட்பட்டோரின் சந்தா 2024 மே முதல் மூன்றாகப் பிரிகிறது: நூற்றுக்கு 75 முதுமைக்கு, 15 வீடு, கல்வி முதலியவற்றுக்கு, 10 வேண்டும்போது எடுக்க. அந்தப் பத்தைக் கைபேசி மாற்றுவதற்கென எடுப்பது நமக்கு உவப்பில்லை.

வீட்டு முன்பணத்திற்கு இது மட்டும் போதாது. சம்பளநாளன்றே, கடைக்கணக்கைத் தீர்க்குமுன், ஒரு தொகையை வங்கியில் போடுங்கள். எவ்வளவென்று இல்லத்தரசியைக் கேளுங்கள். அரிசிப் பானையின் ஆழம் அவரே அறிவார். கூட்டுப் பிடிப்போரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். கூட்டு நடத்தும் தொழிலை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. பிடித்தவர் ஊரைவிட்டுப் போனால், உங்கள் கையில் ஒரு சீட்டும் இராது.