ஒரு காலை மேல் படியில் வைத்தவன்

அதிகாரி ஆகப்போற மாலுமிக்கு மாலுமி வரிசையில பதவி உயர்வு எதுக்கு, அது பேராசைன்னு எதிரணித் தோழி சொல்லிட்டுப் போனாங்க.

அமெரிக்கக் கடற்படையில 'சீமேன் டு அட்மிரல்-21'னு ஒரு திட்டம். மாலுமியைக் கல்லூரிக்கு அனுப்பி அதிகாரி ஆக்குறாங்க. 36 மாசத்துக்குள்ள பட்டம் வாங்கணும். படிப்புச் செலவுக்கு வருஷத்துக்கு 10,000 டாலர் வரைக்கும் உண்டு. சம்பளம்? எந்தப் படியில நிக்கிறானோ அந்தப் படிச் சம்பளம்தான்! ஆனா படிச்சுக்கிட்டே அடுத்த படிக்குப் போக விதி இடம் தருது.

மைக் பூர்டா 1956-ல சாதாரண மாலுமி. 1962-ல அதிகாரி ஆகுறதுக்குள்ள முதல் வகுப்பு பெட்டி ஆபீசர் வரைக்கும் ஏறிட்டார். (பெட்டி தூக்குறவர் இல்லீங்க, அது பதவிப் பேரு!) 1994-ல அந்தக் கடற்படைக்கே தளபதி. அவர் ஏறினதைப் பேராசைன்னு சொல்வீங்களா?

பெண்டாட்டி பிள்ளையோட வாடகை வீட்டுல இருந்து படிக்கிறவன் அவன். நாளைக்குப் படிப்புல தவறிட்டான்னா மறுபடி கப்பலுக்கு, பழைய மாலுமி வேலைக்குத்தான் திரும்பணும். கூடச் சேர்ந்தவன் அங்க மேல் படியில நின்னு இவனுக்கு உத்தரவு போடுவான். அந்தக் கணக்கைத் தோழி சொல்லவே இல்லையே!