அடுப்படியில் ஒரு துறவி

மனசுக்கு ஓய்வு வேண்டுமென்றால் நாலு நாள் ஏதாவது தியான இல்லத்தில் போய் இருந்துவிட்டு வர வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். போவது நல்லதுதான். வீடு திரும்பிய மறுநாள் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. 17ஆம் நூற்றாண்டில் பாரிசில் இருந்த ஒரு சமையல்காரத் துறவி இதற்கு வேறு வழி கண்டார். அந்த வழி எவ்வளவு தூரம் தேறும்?

அவர் சகோதரர் லாரன்ஸ். லொரேன் பகுதியில் பிறந்தவர். முப்பதாண்டுப் போரில் சிப்பாயாகப் போய்க் காலில் காயம்பட்டவர். பதினெட்டு வயதில், குளிர்காலத்தில் இலையற்று நின்ற மரம் ஒன்றைப் பார்த்து, இது மறுபடி துளிர்க்குமே என்று நினைத்தார். அந்த நினைப்பே அவரைக் கடவுளிடம் திருப்பியது. பிறகு கார்மேல் சபை மடத்தில், குருப்பட்டம் பெறாத எளிய சகோதரராகச் சேர்ந்தார். கொடுத்த வேலை சமையல். சமையலென்றாலே அவருக்கு ஆகாது! அந்த அடுப்படியில்தான் ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழிந்தன.

அவருடைய பயிற்சியைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். கை வேலை செய்துகொண்டிருக்கும்போதே, ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்து அவரோடு பேசுவது. கீழே கிடக்கும் துரும்பை எடுப்பதானாலும் அவர்மேல் உள்ள அன்புக்காக எடுப்பது. மனம் எங்கேயோ ஓடிவிட்டால், தன்னையே திட்டிக்கொண்டு உட்காராமல், ஒப்புக்கொண்டு திரும்பி வருவது. ஒருமுறை மடத்துக்குத் திராட்சரசம் வாங்க பர்கண்டிக்கு அனுப்பினார்கள். வியாபாரம் தெரியாது, கால் ஊனத்தால் படகில் பீப்பாய்கள்மேல் உருண்டுதான் நகர முடிந்தது. இது உம்முடைய வேலை என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டார். காரியம் நன்றாகவே முடிந்தது.

அவரைப் புகழ்கிறவர்கள் தாண்டிப் போகிற பகுதி ஒன்று உண்டு. முதல் பத்து ஆண்டுகள் அவருக்கு நிம்மதியே இல்லை. பழைய பாவங்கள் உறுத்தின. தாம் தகுதியற்றவர் என்ற எண்ணம் விடவில்லை. சாகும்வரை இப்படியே இருந்தாலும் சரி என்று ஒப்புக்கொடுத்த பிறகுதான் மனம் அடங்கியது. அவர் சொன்னதில் நான் அதிகம் நம்புவது இதைத்தான். ஒரே கூட்டத்தில் சமாதானம் வாங்கித் தருகிறோம் என்கிறவர்களுக்கு இது அவ்வளவு வசதியான செய்தி அல்ல. மத்தேயு 11ஆம் அதிகாரத்தில் இயேசுவும் இளைப்பாறுதல் தருவேன் என்ற கையோடு தம் நுகத்தையும் ஏற்கச் சொல்கிறார்.

எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. லாரன்சுக்கு வட்டிக்கடன் கிடையாது, ராத்திரியில் எழுப்பும் குழந்தை கிடையாது. ஜெபத்துக்கென்று நேரம் வகுத்த மடத்து ஒழுங்கு அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு, வேலையே ஜெபம் என்பதை மட்டும் நாம் எடுத்துக்கொண்டால் கொஞ்ச நாளில் ஜெபம் நின்றுவிடும்; வேலை மட்டும் மிஞ்சும். காலையில் பத்து நிமிடமாவது தனியாக உட்காராதவருக்கு இந்தப் பயிற்சியை நான் சொல்ல மாட்டேன்.

லாரன்ஸ் 1691இல் இறந்தார். 1666 முதல் அவரோடு பேசியதை ஜோசப் த போஃபோர் என்ற குரு குறித்துவைத்து, கடிதங்களோடு சேர்த்து வெளியிட்டார். மிகச் சிறிய நூல். படிப்பவர்கள் கடிதங்களிலிருந்து தொடங்குங்கள். நோயாளிகளுக்கு எழுதியவற்றில் அவர் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார்.