சராசரி மழையும் ஒருநாள் மழையும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஏரிப் பராமரிப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். ஏரியைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகமில்லை. ஆயினும், மழை எவ்வாறு வருகிறது என்று நாம் மனத்திற்குள் போட்டு வைத்திருக்கும் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. அப்பிழையினால் ஊர்களுக்குச் சேதம் விளைகிறது.

தூத்துக்குடி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கு ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 66 செ.மீ. மழை உண்டு. அதை 365 நாட்களுக்கும் பங்கிட்டால் நாளொன்றுக்கு 2 மி.மீ. கூடத் தேறாது. வானிலை இலாகாவோ 2.5 மி.மீ. பெய்தால்தான் அந்நாளை மழைநாள் என்று ஏட்டில் எழுதும். ஆகவே, சராசரியை நம்பினால் அம்மாவட்டத்தில் மழைநாள் என்பதே கிடையாது! நடந்தது என்ன? 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியது. ஓராண்டு மழையைக் காட்டிலும் மிகுதியாக ஒரே நாளில் பெய்துவிட்டது. குளங்கள் பல உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் தண்டவாளத்தின் அடி அரித்துப்போகவே, ரயிலில் வந்த நூற்றுக்கணக்கான பிரயாணிகள் அங்கேயே சிக்கிக்கொண்டனர்.

நெடுநாள் அடங்கியிருந்து, பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவியும் இக்குணம் மழைக்கு மட்டும் உரியதன்று. பூகம்பமும் அப்படியே. பெரிய அதிர்ச்சிக்குப் பின் சிறு அதிர்ச்சிகள் முதலில் நெருக்கமாகவும், நாளாக ஆக அருகியும் வரும் என்பதை ஜப்பானிய அறிஞர் ஓமோரி 1894-ல் கணக்கிட்டுக் காட்டினார். மனிதர் செயலும் இதற்கு விலக்கன்று. டார்வின், ஐன்ஸ்டீன் ஆகியோர் கடிதங்களுக்குப் பதில் எழுதிய நாட்களை 2005-ல் ஆராய்ந்தார்கள். பெரும்பாலான பதில்கள் விரைவில் சென்றிருக்கின்றன. சில கடிதங்களோ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்திருக்கின்றன. அவசரமானதை முதலில் எடுப்பதால் மற்றவை அடியில் தங்கிவிடுகின்றன என்பது ஆராய்ச்சியாளர் கூறிய காரணம். அலுவலகத்தில் கோப்புகளோடு வாழும் எனக்கு இதில் வியப்பேதுமில்லை. மனுக் கொடுத்துவிட்டு நடந்த உங்களுக்கும் இராது.

இவற்றுள் நமக்கு நெருக்கமானது அரிசிக் குவியல். நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் ஆராய்ச்சியாளர்கள் இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே அரிசி மணிகளை மெல்ல மெல்லச் சேர்த்துக் குவியலாக்கினார்கள். 1996-ல் அதன் முடிவு வெளியாயிற்று. நீண்ட அரிசியில், புதிதாக வந்து சேரும் மணியால் சில சமயம் ஒன்றும் நிகழாது; சில சமயம் நாலைந்து மணிகள் உருளும்; எப்போதாவது ஒரு பக்கமே சரியும். சேர்வது ஒரே சீராக இருக்க, சரிவு மட்டும் சீராக இல்லை. உருண்டைவாக்கான அரிசி இவ்வாறு நடந்துகொள்ளவில்லையாம். களத்தில் நெல் குவித்துப் பழகிய நீங்கள் இதை எளிதில் மனத்தில் காண்பீர்கள். கடைசியாக விழுந்த மணியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. குவியல் அதற்கு முன்பே சரியும் நிலைக்கு வந்துவிட்டது.

நம் ஏரிகளும் ஒருவகையில் இத்தகைய குவியலே. மேல் ஏரியின் கலுங்கு வழிந்து கீழ் ஏரிக்கு வருகிறது; அது நிரம்பி அடுத்ததற்குப் போகிறது. முன்னோர் செய்த அருமையான ஏற்பாடு இது. ஆனால் எல்லாம் நிறைந்து நிற்கும் வேளையில் மேல் ஏரி உடைந்தால், மழை நீரோடு அந்த ஏரி நீர் முழுவதும் ஒருசேரக் கீழ் ஏரியின் கரையில் வந்து மோதும். அதுவும் உடைந்தால் மூன்றாவது ஊரின் கதி என்ன? 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. அந்த மழை வந்தபோது, நவம்பர் முழுவதும் விட்டு விட்டுப் பெய்த மழையினால் சுற்று வட்டார ஏரிகள் ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்தன.

இங்குதான் நம் வட்டாரத்து விஷயம் வருகிறது. இரண்டு கிராமங்களிலிருந்து தீர்மானங்கள் வந்துள்ளன. ஒன்று, கலுங்கின்மேல் மணல் மூட்டை அடுக்கி இன்னும் ஓரடி நீர் தேக்க வேண்டும் என்பது. மற்றொன்று, பல ஆண்டுகளாக நீர் ஓடாத உபரிநீர்க் கால்வாயை மேடாக்கி வீட்டு மனை வழங்க வேண்டும் என்பது. இவற்றைக் கேட்பவர்களை நான் பேராசைக்காரர் என்று கூறமாட்டேன். 2015 வெள்ளத்திற்கு அடுத்த ஆண்டே வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையென அறிவிக்கப்பட்டதை யார் மறக்க முடியும்? ஓரடி நீர் ஒரு நனைப்புக்கு உதவும்; அந்த ஒரு நனைப்பில் பயிர் பிழைக்கும். வீடில்லாதவருக்கு மனை வேண்டும் என்பதும் நியாயமே.

ஆயினும் இரண்டையும் நான் பரிந்துரைக்க இயலாது. கலுங்கின் மட்டம் கரையின் உயரத்தை அனுசரித்து வைக்கப்பட்டது. அதை ஓரடி உயர்த்தினால், பெருமழையன்று கரைக்கும் நீருக்கும் இடையே உள்ள இடைவெளியில் ஓரடி குறையும். நீர் கரையின் மேல் ஏறி வழிந்தால் மண் கரை நிற்காது. தேக்க நினைத்த ஓரடியோடு ஏரி முழுவதும் போய்விடும்; போவதும் கீழ் ஊரின் வழியாகவே. அதிக நீர் வேண்டுமானால் வண்டல் அகற்றி ஆழப்படுத்துவோம். உரிய அனுமதி பெற்று, அந்த மண்ணை உங்கள் வயலுக்கே கொண்டு செல்லலாம். மனைக்கு வேறு நிலம் தேட நானும் தாசில்தாரிடம் வருகிறேன். பத்தாண்டு வறண்டு கிடந்த ஓடை பதினோராம் ஆண்டும் வறண்டே கிடக்கும் என்பதற்கு அத்தாட்சி எதுவுமில்லை.

நாற்பது ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடைய ஏரிகள் பஞ்சாயத்து யூனியனின் பொறுப்பு. பெரியவை நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. எதுவாயினும் கரையில் எலி வளை, மரம் விழுந்த பள்ளம், மதகடியில் கசிவு ஆகியவற்றை முதலில் காண்பவர் ஊரார்தான். ஆவணிக்குள் அவற்றை எழுதித் தாருங்கள். சவுக்குக் கம்பும் வெற்றுச் சாக்கும் ஐப்பசிக்கு முன்பே கரையோரம் வந்து சேரட்டும். மேல் ஏரி வழியத் தொடங்கியதும் கீழ் ஊருக்குச் சொல்ல வேண்டிய ஆள் யார், இரவில் அவருக்குப் பதில் யார் என்பதையும் இருவர் பெயராகக் குறித்துத் தாருங்கள்.

தீர்மானம் அனுப்பிய இரு ஊர் உறுப்பினர்களும் பகல் உணவுக்குப் பின் என்னோடு புறப்பட வேண்டுகிறேன். ஓவர்சியர் மட்டக் கருவியுடன் வருகிறார். கரையின் மிகத் தாழ்ந்த இடம் கலுங்கைவிட எத்தனை அடி உயர்ந்திருக்கிறது என்பதை உங்கள் முன்னிலையிலேயே அளந்து பார்ப்போம்.