500 வாட்ஸ் என்று எழுதியிருந்தால் போதுமா?

(ஈஜோக்கில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் கணினி பழுதுபார்ப்பவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைக்குக் கேமிங் கணினி வாங்கிக் கொடுக்கலாமா, கூடாதா என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் விவாதித்தார்கள். நான் அதற்குள் போகவில்லை. வாங்குவது என்று முடிவான பிறகு எங்கே ஏமாறுகிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் அக்கா மகன் இரண்டு ஆண்டுகள் பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு கணினி பூட்டினான். இன்டெல் ஐ5-12400எஃப் செயலி, ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு, கண்ணாடிப் பெட்டி, வண்ண விளக்குகள். கடைசியில் மிஞ்சிய 70 வெள்ளிக்கு ஒரு பவர் சப்ளை வாங்கி மாட்டினான். அதன்மேல் 500 வாட்ஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. மூன்றாவது மாதம், விளையாடிக்கொண்டிருக்கும்போதே 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை. அது மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. தாய்ப்பலகையையும் கார்டையும் சேர்த்துக் கொண்டு போய்விட்டது. "மாமா, ஐந்நூறு என்றுதானே போட்டிருந்தான்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

ஸ்டிக்கரைப் படியுங்கள்

தோட்டத்தில் எஞ்சின் ஓடி, மாலையில் சில மணி நேரம் மட்டும் லயத்தில் விளக்கு எரிந்த காலம் இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். எஞ்சினுக்குச் சுமை தாங்காவிட்டால் எல்லார் வீட்டு விளக்கும் மங்கும். பவர் சப்ளைதான் கணினியின் எஞ்சின் வீடு. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை அது 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தருகிறது. செயலியும் கிராஃபிக்ஸ் கார்டும் முக்கியமாக எடுப்பது 12 வோல்ட்டிலிருந்து.

ஆகவே பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறிய அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அக்கா மகன் வாங்கியதில் 20 ஆம்பியர். பன்னிரண்டால் பெருக்கினால் 240 வாட்ஸ்தான். அவன் செயலி உச்சத்தில் 117 வாட்ஸ் இழுக்கும், கார்டு 115. இரண்டும் சேர்ந்து 232. காற்றாடிகளும் மற்றவையும் வேறு இருக்கின்றன. அதோடு, கிராஃபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்திற்குள் தன் அளவைத் தாண்டித் துள்ளும். எஞ்சின் எப்படித் தாங்கும்?

அந்தக் கார்டுக்கு 550 வாட்ஸ் பவர் சப்ளை வேண்டும் என்று என்விடியா நிறுவனமே சொல்கிறது. நல்ல தயாரிப்பாக இருந்தால் அது போதும். 1000 வாட்ஸ் தேவையில்லை. பெரியதை வாங்கினால் மின்கட்டணம் ஏறுமா என்று கேட்கிறார்கள். ஏறாது. கணினி கேட்பதையும், மாற்றும்போது வீணாவதையும் மட்டுமே அது சுவரிலிருந்து எடுக்கும்.

தங்கம் என்றால் தரமா?

'80 பிளஸ்' முத்திரை 2004-இல் வந்தது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று அதில் படிகள் உண்டு. கணினிக்கு 300 வாட்ஸ் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 80 விழுக்காட்டுத் திறன் உள்ளது சுவரிலிருந்து 375 வாட்ஸ் எடுக்கும். 90 விழுக்காடு உள்ளது 333 வாட்ஸ். தினமும் நான்கு மணி நேரம் விளையாடினால் மாதத்திற்கு ஐந்து யூனிட்தான் மிச்சம். ஆகவே மின்கட்டணத்துக்காகத் தங்கம் வாங்க வேண்டாம். அந்த முத்திரை மின் சிக்கனத்தைத்தான் அளக்கிறது, பாதுகாப்பை அல்ல. மிகை மின்னழுத்தம், மிகைச் சுமை, குறுக்குச் சுற்று, அதிக வெப்பம் ஆகியவற்றின்போது தானாக நின்றுவிடும் வசதி உண்டா என்று கேளுங்கள். உத்தரவாதம் ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

இன்னொன்று. கழற்றி மாட்டும் கேபிள்களை வேறு நிறுவனத்தின் பவர் சப்ளையில் செருகாதீர்கள். வாய் பொருந்தும், உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கும். ஹார்ட் டிஸ்க் ஒரே நொடியில் போய்விடும்.

நம் வீட்டுச் சுவர்

நல்லதை வாங்கி மாட்டிய பிறகும் கணினிப் பெட்டியைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறதா? பழைய வீடுகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். எர்த் இணைப்பு இல்லை என்பதற்கு அது அடையாளம். பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டியிலிருந்து கசியும் சிறு மின்சாரம் போக வழியில்லாமல் பெட்டியிலேயே நிற்கிறது. பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டுச் சரிசெய்யுங்கள். சிரிம் முத்திரை இல்லாத நீட்டிப்புப் பலகையில் கணினியையும் குளிர்சாதனத்தையும் கேத்தலையும் ஒன்றாகச் சொருகாதீர்கள்.

நம் பக்கத்தில் பருவமாற்றக் காலமான ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இடி நெருங்கும் முன்பே பிளக்கையும் இணையக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் மின்னலுக்கு முன் அது நிற்காது.

பழுதான பவர் சப்ளையைத் திறந்து பார்க்கவே வேண்டாம், தம்பிகளே. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். உயிருக்கே ஆபத்து.

அக்கா மகன் மறுபடியும் பணம் சேர்க்கிறான். இந்த முறை கடைக்குக் கொண்டுபோக ஒரு பட்டியல் எழுதியிருக்கிறான். வண்ண விளக்குகளை அடித்துவிட்டு, முதல் வரியில் பவர் சப்ளையை எழுதியிருக்கிறான். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பட்டியலை நீட்டும்போது நீங்களும் அந்த வரியை முதலில் தேடுங்கள்.