கட்டபொம்மன் படமும் எங்க ஊர்ப் பேரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பிடிச்ச பழைய படத்தில் என்ன குறை கண்டாய் என்று பேசச் சொன்னார்கள். எனக்கு வேறு படம் தோணவே இல்லை. 1959-ல் பி.ஆர். பந்துலு எடுத்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்'தான். பாஞ்சாலங்குறிச்சியும் கயத்தாறும் நமக்குப் பக்கத்து ஊர்கள். ஜாக்சன் துரை வசனத்தை ஆண்டு விழாவில் பேசாத பள்ளிக்கூடம் இந்தக் கரிசல் காட்டில் உண்டா?

ஆனா நான் எட்டயபுரத்துக்காரன். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குச் சொந்தப் பேர் கிடையாது. பேனா காணாமல் போனாலும், யாராவது வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டாலும், "டேய் எட்டப்பா, நீதானே காட்டிக் கொடுத்தே?" படத்தில் வி.கே. ராமசாமி அவ்வளவு நல்லா நடிச்சிட்டார்! எட்டப்பன் என்பது ஓர் ஆளின் பேர் இல்லை, பரம்பரைப் பட்டம். எங்க ஊர் பாளையக்காரர் கும்பினி பக்கம் நின்றது உண்மை, மறைக்கவில்லை. பாஞ்சாலங்குறிச்சியோடு எல்லைத் தகராறு அதற்கு முன்பே இருந்தது. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். அந்த ஊர்ப் பையனை யாரும் இப்படிக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. சுப்பையாவுக்குப் 'பாரதி' பட்டம் கொடுத்ததும் எங்க ஊர்தான். அதைச் சொல்லி என்னை ஒருத்தனும் கூப்பிடலை!

பேர் கிடக்கட்டும். சிவில் படிச்சவன் கண்ணுக்கு இன்னொன்று உறுத்துகிறது, அந்தக் கோட்டை. போர்க் காட்சிகளுக்கு ஜெய்ப்பூர் வரைக்கும் போனார்கள். திரையில் பார்த்தால் ஏதோ கல் மதில் மாதிரிதான் தெரிகிறது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையோ மண் கோட்டை. கல் சுவரில் குண்டு பட்டால் உடைந்து சிதறும். கனத்த மண் சுவரில் பட்டால் புதைந்து நின்றுவிடும். 1799-ல் பானர்மேன் படை முதல் தாக்குதலில் திணறியதற்கு வீரம் மட்டுமா காரணம்? இந்த மண்ணும்தான்.

படம் கயத்தாறுத் தூக்கோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம்தான் எனக்கு ஆச்சரியம். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்துத் தள்ளிய கோட்டையைச் சில நாட்களிலேயே திரும்ப எழுப்பிவிட்டார். சிமெண்ட் இல்லை, டெண்டர் இல்லை. ஊர்ச்சனங்களின் கையும் மண்ணும்தான். அந்தக் கோட்டையைப் பிடிக்க வெள்ளைக்காரனுக்கு மே மாதம் வரை ஆயிற்று. நான் ஒரு காம்பவுண்ட் சுவருக்கு மூணு மாசம் கெடு கேட்கிற ஆள்!

2015-ல் படத்தை டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டபோது அப்பாவோடு போனேன். வழி நெடுக மதிலைப் பற்றியும் எட்டப்பனைப் பற்றியும் அவரிடம் பேசிக்கொண்டே போனேன். தியேட்டரிலும் விடவில்லை. ஜாக்சன் துரை காட்சி வந்தது. "கொஞ்சம் சும்மா இருடா" என்றார் அப்பா. அவரும் எட்டயபுரத்துக்காரர்தான்.